பள்ளிக்கூடம் பிடிக்காதவர், காலேஜ் பிரின்சிபால் ஆன கதை!

ரிசல்ட் வந்த அன்று பிள்ளைகளிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான், எத்தனை மார்க்? வீட்டில் ஃபேன் நின்றுபோனால் ஏன்னு பார்க்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்விக்காகவே ஒருவர் தன் பதவியை உதறியிருக்கிறார். அவர்தான் நம்ம கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு.

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். வகுப்பறை அவருக்கு ஒத்தே வரல. ஆரம்பப் பள்ளியோடு படிப்புக்கு முழுக்கு! இவன் எங்கே உருப்படப் போறான் என்று ஊர் பேசுகிற வயதில், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்ல, குதிரை இல்ல... வண்டி எப்படி ஓடுது?

பதில் தெரியாமல் அவருக்குத் தூக்கம் வரல. கோவைக்குப் போய் ஹோட்டலில் வேலை பார்த்தார். காசு சேர்த்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். நாமாக இருந்தால் முதலில் ஊரைச் சுற்றியிருப்போம். அவரோ அதைப் பாகம் பாகமாகக் கழற்றிப்போட்டு, திரும்ப மாட்டிப் பார்த்தார். கையில் கிரீஸோடு அவர் படித்த என்ஜினீயரிங் அதுதான்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ், பிறகு யு.எம்.எஸ் என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். எலெக்ட்ரிக் ரேஸரும் அவர் பட்டியலில் உண்டு.

இதைவிட முக்கியமான கட்டம் 1945-ல் வந்தது. அவர் முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. பட்டமே வாங்காத நாயுடு, பிரின்சிபால் நாற்காலியில் உட்கார்ந்தார்! என்ஜினீயரிங் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு, அதே பாடத்தை ரெண்டே வருஷத்தில் சொல்லிக்கொடுக்கலாம், மிச்ச காலம் மாணவர்களுக்கு வீண் என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் அரசு ஏற்கல. வளைந்துகொடுத்திருந்தால் பதவி நிலைத்திருக்கும். அவர் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார்.

அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இப்பவும் பி.இ நாலு வருஷம்தான். 1974-ல் நாயுடு மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்குது.

பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கணும் என்பதல்ல விஷயம். பள்ளி பிடிக்காத அவரே கல்லூரி தொடங்கத்தானே பாடுபட்டார்? படிப்பில் கைக்கும் வேலை இருக்கணும் என்பதுதான் அவர் வாழ்க்கை சொல்லும் பாடம். இந்த லீவில், வீட்டில் ஓடாமல் கிடக்கும் பழைய கடிகாரத்தையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் உங்க பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்க. திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தால் திட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் சேர்ந்து தேடுங்க!