உடலின் கணக்கைக் கண்ட அறிஞர்

(மூன்றாமாண்டு, இளம் அறிவியல், கணிதம்)

தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் கல்லூரிக்கு வரும் நண்பர்களுக்கு உட்கார இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், மூதாட்டி ஒருவர் ஏறினால் சட்டென்று எழுந்து இடம் தருகிறோம். அந்த நொடியில் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் உள்ள சிரைகளில் தேங்குகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது. அப்படியே விட்டால் மயங்கி விழ வேண்டியதுதான். ஆனால் நாம் விழுவதில்லை. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள நரம்பு முனைகள் அழுத்தக் குறைவை முகுளத்திற்குத் தெரிவிக்கின்றன. முகுளம் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கிறது. இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. சில நொடிகளில் அழுத்தம் பழைய நிலைக்கு மீள்கிறது.

இந்த அனிச்சைச் செயலைக் கணிதமாக எழுத முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையை அறிவுலகுக்கு ஊட்டியவர்களுள் முதன்மையானவர் நார்பர்ட் வீனர். கணிதம் பயில்பவன் என்ற முறையில் அவரது வாழ்வை என் தோழர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

வீனர் 1894ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவில் பிறந்தார். தந்தையார் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மொழிப் பேராசிரியர். மகனுக்கு அவரே கண்டிப்பான ஆசான். பதினான்கு வயதில் பட்டம், பதினெட்டில் முனைவர் பட்டம்! பின்னர் கேம்பிரிட்ஜில் ரஸ்ஸலிடமும் கட்டிங்கனில் ஹில்பர்ட்டிடமும் பயின்றார். 1919 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போரின்போது விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான கணக்கு அவரிடம் வந்தது. விமானம் அடுத்து எங்கே இருக்கும் என்பதை முன்னறிந்து குறிபார்க்க வேண்டும். பிழையை உடனுக்குடன் திருத்த வேண்டும். விளைவைத் திரும்பப் பெற்று, அதனைக் கொண்டு செயலைத் திருத்துவதே பின்னூட்டம் எனப்படுவது. திருத்தம் அளவு மீறினால் கருவி இங்கும் அங்கும் ஊசலாடும். சைக்கிள் பழகுகிறவர் கைப்பிடியை வெடுக்கென்று திருப்பித் தள்ளாடுவது போல! மனித உடலிலும் இத்தகைய நோய் உண்டா என்று தம் நண்பரான மெக்சிகோ நாட்டு உடலியல் அறிஞர் ரோசன்புளூத்தை வீனர் கேட்டார். சிறுமூளை பழுதுற்றவர் பொருளை எடுக்கக் கை நீட்டும்போது கை ஆடும் என்று விடை கிடைத்தது. பீரங்கிக்கும் மனிதனின் கைக்கும் ஒரே கணக்கு!

இரத்த அழுத்தத்துக்கும் அதே கணக்குதான். எளிய எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். எழுந்து நிற்பதால் அழுத்தம் 30 மி.மீ. குறைய இருக்கிறது என்று கொள்வோம். எஞ்சும் குறைவைப் போல் இரு மடங்கை உடல் ஈடு செய்கிறது எனில், எஞ்சுவது 30ஐ மூன்றால் வகுத்த 10 மி.மீ. மட்டுமே. ஈடு செய்யும் மடங்கு கூடினால் குறைவு மேலும் சிறுக்கும். ஆனால் நரம்பின் கட்டளை இரத்தக் குழாயைச் சுருக்கச் சில நொடிகள் ஆகும். தாமதமும் மிகைத் திருத்தமும் சேர்ந்தால் ஊசலாட்டம் பிறக்கும். மனிதரின் இரத்த அழுத்தத்தில் ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒரு முறை எழுந்து தாழும் மேயர் அலைகளுக்கு ஆய்வாளர் பலர் இத்தாமதத்தையே காரணம் காட்டுகின்றனர்.

இக்கருத்துகளைத் தொகுத்து 1948இல் ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்னும் நூலை வீனர் வெளியிட்டார். அடுத்த ஆண்டே நம் குரோம்பேட்டையில் இராஜம் அவர்கள் நிறுவிய எம்.ஐ.டி. தொடங்கிற்று. கருவித் தொழில்நுட்பத்தைத் தனிப் பாடமாகப் பயிற்றுவித்த அந்நிறுவனத்தின் வகுப்புகளுக்கும் பின்னூட்டமே அடிப்படை.

வீனருக்கு நம் நாட்டுடனும் தொடர்பு உண்டு. 1955–56இல் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். இந்தியக் கணித அறிஞர் மசானியுடன் சேர்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து மாறும் பல தொடர்களை முன்கணிக்கும் கோட்பாட்டை உருவாக்கினார். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அத்தகைய பிணைந்த தொடர்களே என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனினும் அவரது கணிதத்தைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. போர் முடிந்தது, ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து கிடந்தன. அந்நிலையில் ஏவுகணை ஆய்வாளர் ஒருவர், போர்க்காலத்தில் வீனர் எழுதிய ஆய்வுரையின் படி ஒன்றைக் கேட்டார். வீனர் தர மறுத்தார். மறுப்புக் கடிதத்தை 1947இல் பத்திரிகையிலும் வெளியிட்டார். அழிவுக்குத் துணைபோகும் ஆய்வை இனி வெளியிடுவதில்லை என்று உறுதி பூண்டார். தானியங்கி இயந்திரங்களால் தொழிலாளர் வேலை இழப்பர் என்பதையும் அந்நாளிலேயே எச்சரித்தார். பணமும் பதவியும் தரும் அழைப்புகள் அவரை அசைக்கவில்லை.

1964ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் அவர் மறைந்தார். செய்ததன் விளைவைத் திரும்பிப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வதால்தான் உடல் நிலைத்து நிற்கிறது. அறிவியலாளனும் அப்படித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதை வீனர் வாழ்ந்தே காட்டினார். நாளை ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் செல்லவிருக்கும் நாம் அவரிடம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே என்பது என் எண்ணம்.