தஞ்சை அவையின் ரங்காஜம்மா

பறங்கித் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1630ஆம் ஆண்டில் ஊவாவினுட் புகுந்து, நம் பதுளையைத் தீக்கிரையாக்கி, மீளும் வழியில் ரந்தெனிவெலையிற் படையோடு மடிந்தான். அதற்கு நான்காண்டு கழித்துக் கடலுக்கு அப்பால் தஞ்சையில் விசயராகவ நாயக்கர் அரியணை ஏறினார். நம் தோட்டத்து மக்கள் பலரின் முன்னோர் வாழ்ந்த சோழநாட்டை 1673 வரை அவரே ஆண்டார். அவருடைய காமக்கிழத்தியாயும் அவைப் புலவராயும் விளங்கிய பசுபுலேட்டி ரங்காஜம்மாவின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

காமக்கிழத்தி என்றதும் இளம் மாணவர் முகஞ்சுளித்தல் கூடும். தொல்காப்பியம் பயின்றோர் சுளியார். அரசர்க்கு மணந்த தேவியர் ஒருபுறமிருக்க, மணவாத நாயகியர் இருத்தல் அக்கால வழக்கு. ஐரோப்பாவிலும் அஃதே. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆசைநாயகி லா வல்லியேர், மன்னர் மனம் மொந்தெஸ்பான் சீமாட்டிபாற் சென்றபின், 1674இல் கார்மேல் கன்னியர் மடம் புகுந்தார். மன்னர் அன்பு தேய்ந்தபின் அரண்மனையில் அவருக்கு வேறு பற்றுக்கோடு இருக்கவில்லை.

ரங்காஜம்மாவுக்கோ கல்வி இருந்தது. வெங்கடாத்திரி, மங்கமாம்பை என்போரின் மகளான இவர் எட்டு மொழிகளிற் கவிபாட வல்லவர் என்பர். விசயராகவரின் தந்தை இரகுநாத நாயக்கர் காலத்திலேயே அவ்வவையிற் பெண்பாற் புலவர் இருந்தனர். இராமபத்ராம்பா என்பார் அம்மன்னர் வரலாற்றை வடமொழிக் காவியமாக்கினார். அவ்வழியில் வந்த ரங்காஜம்மா, உஷை அநிருத்தன் காதலை உஷாபரிணயம் எனத் தெலுங்கிற் பாடினார். விசயராகவர் அவருக்குக் கனகாபிடேகம் செய்வித்தார். பொன்னால் முழுக்காட்டும் இச்சிறப்பு, விசயநகர அவையிற் சீநாதர் போன்ற பெருங்கவிஞர்க்கே வாய்த்த ஒன்று.

எனினும் அவருடைய நூல்களுள் நம் சிந்தனையைப் பெரிதும் ஈர்ப்பது மன்னாருதாச விலாசமே. மன்னார்குடி இராசகோபாலனுக்குத் தொண்டன் என்ற பொருளில் விசயராகவர் சூடிய பெயர் மன்னாருதாசன். பாட்டும் வசனமும் விரவிய யட்சகான நாடகம் இது. மாசி மாதத்தில் நம் தோட்டங்களிற் காமன்கூத்துக் கண்டோர்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. கதையோ, மன்னர் காந்திமதி என்னும் நங்கையைக் காதலித்து மணப்பது! தம் நாயகர் வேறொருத்தியைக் கைப்பிடிக்கும் கதையைத் தாமே நாடகமாக்கியவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருக்கு மனைவியின் உரிமை இல்லை. ஆதலின் ஊடும் உரிமையும் குறைவே. ஆயினும் அக்கதையை எவ்வாறு சொல்வதென்பது அவர் கையிலிருந்தது. பொன்முழுக்கினும் இதனையே யான் பெரிதாக மதிப்பேன்.

தஞ்சை இளவரசியை மணக்க விரும்பிய மதுரைச் சொக்கநாத நாயக்கர், பெண் மறுக்கப்படவே, 1673இல் படையெடுத்தார். முதிய விசயராகவர் போரில் வீழ்ந்தார். அந்தப்புரத்து மகளிர் பகைவர் கைப்படாதபடி வெடிமருந்துக்கு இரையாயினர் என நாயக்கர் வரலாறு கூறும். சில ஆண்டுகளில் தஞ்சை மராட்டியர் வசமாயிற்று.

ஆனால் தெலுங்குக் கவிதை அவ்வவையை விட்டு நீங்கவில்லை. பெண்பாற் புலவர் மரபும் அற்றுப்போகவில்லை. ஒரு நூற்றாண்டின் பின் பிரதாபசிம்ம மன்னரின் நாயகியாகிய முத்துப்பழநி, இராதை தான் வளர்த்த இளையைக் கண்ணனுக்கு மணமுடித்துவைத்துப் பின் பொறாமையால் வெதும்புவதாக இராதிகா சாந்த்வனம் பாடினார். ரங்காஜம்மா காந்திமதியின் திருமணத்தைப் பாடினார்; முத்துப்பழநி இராதையின் வாயிலாக அந்த ஊடலையும் பாடிவிட்டார். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அந்நூலைப் பதிப்பித்தபோது ஆங்கில அரசு அதனைத் தடைசெய்தது. 1947இலேயே அத்தடை நீங்கிற்று.