தூரிகையை விடாத ஓவியர்

பிரான்ஸ் நாட்டின் லிமோஜ் நகரில் 1841ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் ரெனுவார். அவருடைய தந்தை ஒரு தையற்காரர். ரெனுவார் சிறு வயதிலேயே பீங்கான் பாத்திரங்களில் பூ வரையும் வேலைக்குச் சென்றார். பின்னாளில், ஒளியையும் வண்ணத்தையும் தீட்டுவதில் உலகப் புகழ் பெற்றார்.

ஏறத்தாழ ஐம்பது வயதில் அவரை முடக்குவாதம் பற்றியது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் உள்நோக்கி மடங்கின. இந்நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் அக்காலத்தில் இல்லை. எனவே, வெந்நீர் ஊற்றுகளில் நீராடினார். விரல்கள் விறைக்காதிருக்கச் சிறு பந்துகளை வீசிப் பிடித்துப் பழகினார். குளிரைத் தவிர்க்க, 1907இல் தென்பகுதியிலுள்ள கான்ய என்னும் ஊரில் தோட்டம் ஒன்றை வாங்கிக் குடியேறினார்.

பின்னர்ச் சக்கர நாற்காலியே துணையானது. ஒருமுறை, மருத்துவர் ஒருவரின் முயற்சியால் அவர் எழுந்து சில அடிகள் நடந்தார். ஆனால், அதற்கே முழு வலிமையும் செலவானதை உணர்ந்தார். எஞ்சிய வலிமையை ஓவியத்திற்கே வைத்துக்கொள்ள முடிவு செய்து, மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார்.

பிறர் உதவியை ஏற்க அவர் தயங்கவில்லை. புண்படாதிருக்க உள்ளங்கையில் துணி சுற்றப்பட்டது. உதவியாளர் தூரிகையை விரல்களுக்கிடையே வைத்தார். பெரிய ஓவியத்துணியை உருளைகளில் சுற்றி நகர்த்தினர். 1913 முதல், கினோ என்னும் இளம் சிற்பியின் கைகளைக் கொண்டு சிற்பங்களும் படைத்தார்.

1919 டிசம்பரில் மறையும்வரை ரெனுவார் வரைந்துகொண்டே இருந்தார். வலியை எடுத்துரைத்து உதவி பெறுவது இழுக்கன்று என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.