ஏழிசை மன்னரின் இறுதிப் படம்

கலைஞன் மறைந்த பின் வெளிவரும் படைப்பு, அவனுக்குப் புகழ்மாலையாக அமைவதுண்டு. அவன் பெற்ற புகழுக்கும் பட்ட துயருக்கும் சான்றாக நின்றுவிடுவதும் உண்டு. எம்.கே.தியாகராஜ பாகவதரின் 'சிவகாமி' இரண்டாம் வகையைச் சார்ந்தது.

1910ஆம் ஆண்டு மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையிலேயே திருச்சிக்கு வந்து நாடக மேடையேறினார். 1934இல் 'பவளக்கொடி' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. நடிகரே பாடி நடித்த காலம் அது. பாபநாசம் சிவனின் பாடல்களும் ஜி.இராமநாதனின் இசையும் அவர் குரலோடு கலந்து தமிழகம் முழுதும் பரவின. 1937இல் வெளியான 'சிந்தாமணி' ஈட்டிய பொருளைக் கொண்டு, நம் திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள மதுரையில் அப்பெயரிலேயே ஒரு திரையரங்கு எழுந்தது. 1944 தீபாவளியன்று வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அந்த வெற்றி முழக்கம் ஓயுமுன்பே, அவ்வாண்டின் இறுதியில், இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் உடன் தண்டனை பெற்றார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மீண்டும் உயர்நீதிமன்றத்திற்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலையாயினர்.

நீதி கிடைத்தது, இழந்த காலம் திரும்பவில்லை. சிறைக்கு முன் அவர் நடித்த படங்கள் ஒன்பது. பின் நடித்தவை ஐந்து. 1948இல் அவரே தயாரித்த 'ராஜமுக்தி' பெரும் பொருளிழப்பைத் தந்தது. பின்னணிப் பாடகர் வழியே நடிகர் பாடும் புதுமுறை வேரூன்றியது. மக்களின் சுவையும் மாறியது. எனினும் அவர் பாடுவதை விடவில்லை. இசை மேடைகளில் இறுதிவரை முழங்கினார்.

1959 நவம்பர் 1ஆம் நாள், நோயுற்றுச் சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு 'சிவகாமி' திரைக்கு வந்தது. பழைய ஆரவாரம் அதனை வரவேற்கவில்லை. வரவேற்றிருப்பினும் கண்டு மகிழ அவர் இல்லை.

ஆயினும் அவர் புகழை அளக்கும் கோல் அக்கடைசிப் படமன்று. இசைத்தட்டுகளில் தங்கிய குரல், அவரைக் கண்டிராத தலைமுறைகளையும் எட்டியது. டி.எம்.சௌந்தரராசன் தம் தொடக்க காலத்தில் அக்குரலின் சாயலிலேயே பாடினார்.

மாணவ நண்பர்களே! பழி சுமந்தவரின் குற்றமின்மை பிற்பாடு தெளிவாகலாம். அதற்குள் அவர் வாழ்வின் வசந்தம் கடந்துவிடக்கூடும். ஒருவரைப் பழிக்குமுன் ஒரு கணம் தயங்குவதே, அவ்விசைக் கலைஞரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம்.