தொல்காப்பியரும் கம்ப்யூட்டரும்



தொல்காப்பியர் என்றாலே நமக்குப் புணர்ச்சி விதி ஞாபகம் வந்து, கூடவே பயமும் வந்துடும். ஆனா அவரைப் பற்றிய கதை தெரியுமா?

அகத்தியரின் 12 மாணவர்களில் ஒருவர் அவர் என்பது மரபு. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லும் கதை இது. தன் மனைவி உலோபாமுத்திரையை அழைத்து வர அகத்தியர் அவரை அனுப்பினார். நான்கு கோல் தூரம் தள்ளியே வர வேண்டும் என்பது கட்டளை. வழியில் வையை வெள்ளம் அம்மையாரை இழுத்தது. கட்டளையா, உயிரா? தொல்காப்பியர் ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்டிக் கரை சேர்த்தார். அகத்தியரோ கோபத்தில் சபித்துவிட்டார். தொல்காப்பியர் எழுதும் நூலைக் கேட்கக் கூடாது என்று அதங்கோட்டாசானையும் தடுத்தார்.

பாண்டியன் அவையில் அரங்கேற்றம். அதங்கோட்டாசானுக்குத் தர்மசங்கடம். எல்லா இடத்திலும் குற்றம் சொல்லிக்கொண்டே கேட்டார். தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லி ஜெயித்தார். அந்த அதங்கோடு இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

அந்த நூலில் 3 அதிகாரங்கள், 27 இயல்கள், சுமார் 1,600 நூற்பாக்கள். சொற்கள் சேரும்போது வரும் மாற்றத்தை அவர் மூன்றாகப் பிரித்தார். ஓர் எழுத்து வேறாகும்: பொன்+குடம்=பொற்குடம். ஓர் எழுத்து கூடும்: யானை+கொம்பு=யானைக்கொம்பு. ஓர் எழுத்து குறையும்: மரம்+வேர்=மரவேர்.

இதையேதான் கம்ப்யூட்டரும் செய்கிறது! 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் கிரெப் என்ற கருவியையும், லீ மெக்மஹன் செட் என்ற கருவியையும் எழுதினார்கள். ஒரு வடிவத்தைக் கொடுத்தால் கிரெப் தேடிக் காட்டும். செட் மாற்றி எழுதும். ஆயிரம் வரி புரோகிராமில் ஒரு பெயரை மாற்ற ஒரே கட்டளை போதும்.

ஆபத்தும் அங்கேதான். டோட்டல் என்பதைச் சம் என்று மாற்றச் சொன்னால், சப்டோட்டலும் சப்சம் ஆயிடும். முழுச் சொல்லாக வரும் இடத்தில் மட்டும் மாற்று என்று நாமதான் சேர்த்துச் சொல்லணும்.

தொல்காப்பியர் முதல் சொல்லின் கடைசி எழுத்தையும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தையும் பார்த்தார். அதோடு நிற்கவில்லை. மரவேர் என்பதில் 'ம்' போகிறது. மரம் விழுந்தது என்பதில் போகவில்லை. இரண்டிலும் அடுத்து வருவது வகரம்தான்! மரத்தினுடைய வேர் என்பது வேற்றுமை, மற்றது அல்வழி. எழுத்து ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. செட் எழுத்தை மட்டும் பார்க்கும். பொருளைப் பார்ப்பது நம்ம வேலை.

நம்ம ஊர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் கட்டிங் செய்யும் அண்ணன்களைப் பாருங்கள். டை ஒன்றுதான். ஆனா தோலில் எங்கே தழும்பு, எங்கே ஓட்டை என்று தடவிப் பார்த்துத்தான் அதை வைப்பார்கள். பார்க்காம வெட்டினா தோல் வீண்.

ஆகவே நண்பர்களே, விதியைப் படிப்போம். இடம் பார்த்துப் பயன்படுத்துவோம்!

— 11ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு