காந்தியின் இடுப்பில் தொங்கிய கடிகாரம்

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும் வரை, தேக்காவிலிருந்து நடந்தே போய் அங்கே பழைய பாக்கெட் கடிகாரங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. 'திருடர் சந்தை' என்று அதற்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது. கடிகாரம் சேகரிப்பவர்களுக்கு ஓடாத கடிகாரம்கூடப் பரவாயில்லை. அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று தெரிந்தால் போதும். அப்படிக் கைமாறிய கதையுள்ள கடிகாரங்களில் மகாத்மா காந்தியுடையதும் ஒன்று. திருடனிடம் போய்த் திரும்பி வந்த கடிகாரம் அது.

1888ல் சட்டம் படிக்க லண்டனுக்குப் போன மோகன்தாஸ் ஆங்கிலேயக் கனவானாக மாற ஆசைப்பட்டார். பாண்ட் ஸ்திரீட்டில் 10 பவுனுக்கு உடுப்பு தைத்தார். கடிகாரத்தில் மாட்ட இரட்டை வடத் தங்கச் சங்கிலி வேண்டுமென்று ஊரிலிருந்த அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஆசை அதிக நாள் நிலைக்கவில்லை.

1901ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பக் கிளம்பியபோது, நேட்டால் இந்தியர்கள் தங்கமும் வைரமுமாகப் பரிசுகளைக் குவித்தார்கள். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. பொதுச் சேவைக்குக் கூலி வாங்கலாமா என்ற கேள்வி குடைந்தது. கஸ்தூரிபா அழுது வாதாடினார். வரப்போகும் மருமகள்களுக்கு நகை வேண்டாமா என்பது அவர் கேள்வி. அது நியாயமான கேள்விதான். ஆனாலும் எல்லாப் பரிசுகளும் சமூகத்துக்கான அறக்கட்டளைக்கே போயின.

1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது சட்டையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். அதன்பிறகு பாக்கெட் கடிகாரம் வைக்கப் பாக்கெட்டே இல்லை! கயிற்றில் கட்டி இடுப்பு வேட்டியில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டார். தங்கச் சங்கிலி இருந்த இடத்தில் இப்போது நூல் கயிறு. சொத்து எதுவும் வேண்டாம் என்றவர் கடிகாரத்தை மட்டும் விடவில்லை. நேரத்தை வீணாக்குவது பிறர் பொருளை எடுப்பதுபோல அவருக்குப் பட்டது.

அவரிடமிருந்த கடிகாரங்களில் ஒன்று, அலாரம் வைத்த வெள்ளி ஸெனித். இந்திரா காந்தி அன்பளித்தது என்பர். 1947ல் கான்பூர் ரயில் பயணத்தின்போது அது களவு போனது. காந்தி மிகவும் வருந்தினார். சில மாதங்கள் கழித்துத் திருடியவரே வந்து கொடுத்து மன்னிப்புக் கேட்டதாகச் சொல்வார்கள். பிறகு அதைப் பேரன் முறையான கனுவின் மனைவி ஆபாவுக்குக் கொடுத்தார்.

1948 ஜனவரி 30 மாலை, பட்டேலுடன் பேச்சு நீண்டதால் 5 மணிப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது. குறுக்கிடத் தயங்கிய ஆபா, காந்தியின் கடிகாரத்தை எடுத்து அவர் முன் காட்டினார். நடந்து போகும்போது, நீங்கள்தானே என் கடிகாரம் என்கிற பாவனையில் ஆபாவிடமும் மனுவிடமும் கேலி பேசினார் காந்தி. தாமதத்துக்காகக் கடிந்தும் கொண்டார். 5.17க்கு குண்டுகள் பாய்ந்தன.

அவர் சிங்கப்பூருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் இங்குள்ள இந்தியர்கள் பணம் திரட்டி ரேஸ் கோர்ஸ் லேனில் நினைவு மண்டபம் எழுப்பினார்கள். 1950ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ல் மண்டபம் திறக்கப்பட்டது.

ஸெனித் கடிகாரம் பின்னர் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. 2009 மார்ச் 5ஆம் தேதி நியூயார்க்கில் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டோடு சேர்த்து ஏலத்துக்கு வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கடைசி நேரத்தில் ஓட்டிஸும் மனம் மாறினார். ஏலம் நிற்கவில்லை. 20,000 முதல் 30,000 டாலர் போகும் என்று மதிப்பிடப்பட்டவற்றை 1.8 மில்லியன் அமெரிக்க டாலருக்கு எடுத்தவர் மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா. மதுவிலக்குக்காக வாழ்நாளெல்லாம் பேசியவரின் கடிகாரம் அது.