வருமுன் கண்ட வைத்தியர்



வலி வந்தால் வைத்தியரிடம் போவோம் என்றிருப்பது நம் தாய்மார்களின் வழக்கம். அது எவ்வளவு ஆபத்தான வழக்கம் என்பதை உணர, ஜார்ஜ் பாப்பனிக்கோலாவு என்பவரின் வாழ்க்கையைச் சற்றே கேளுங்கள்.

கிரேக்க நாட்டின் எவியா தீவிலுள்ள கிமி என்னும் ஊரில் 1883-ம் ஆண்டு, ஒரு வைத்தியரின் மகனாக அவர் பிறந்தார். 1904-ல் ஆதென்ஸில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1913-ல் மனைவி ஆண்ட்ரோமாக்கியுடன் நியூயார்க் வந்து சேர்ந்தபோது கையில் பணமில்லை. பட்டம் பெற்ற வைத்தியர் கடையில் கம்பளம் விற்கப் போனார். மனைவியோ பொத்தான் தைத்துக் கூலி பெற்றார். மறு ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்தது.

அங்கே கினிப் பன்றி என்னும் சிறு பிராணியின் பிறப்புறுப்புக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி, உருப்பெருக்கியில் பார்த்தார். உடலினுள் நடக்கும் மாறுதல்கள் அந்த உயிரணுக்களில் தெரிந்தன. பெண்களிடமும் அப்படித்தானா? அதை அறிய உதவியவர் அவருடைய மனைவியே. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அந்த அம்மையார் தம்மைச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார்.

பிற பெண்களையும் சோதித்தபோது, கருப்பை வாய்ப் புற்றுநோய் கொண்டவர்களின் தகட்டில் விகாரமான உயிரணுக்களைக் கண்டார். 1928-ல் இதை அறிவித்தார்; வைத்திய உலகம் பொருட்படுத்தவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1941-ல் ஹெர்பர்ட் டிராட் என்ற மகளிர் வைத்தியருடன் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகே உலகம் செவிசாய்த்தது. பாப் சோதனை என்று அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று. 1962-ல் அவர் காலமானார்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? இந்நோய் ஒரே நாளில் வருவதன்று. உயிரணுக்கள் கெடத் தொடங்கிப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலமும் வலியிராது. அந்த அமைதியான ஆண்டுகளிலே கண்டுபிடித்தால், சிறு சிகிச்சையோடு தடுத்துவிடலாம்.

இந்நோய்க்குக் காரணம் பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் என்று இன்று அறிவோம். அதையே நேராகக் காட்டும் சோதனையும் உண்டு. 30 வயது முதல் பெண்கள் குறித்த காலந்தோறும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. ஊசி போட்டவர்களும் பிற்காலத்தில் சோதனையை விட்டுவிடலாகாது.

தாய்மார்களே, வீட்டில் எல்லாருக்கும் மருந்து கொடுத்துவிட்டு உங்களை மறந்துவிடாதீர்கள். மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. குடும்பத் தலைவர்களே, நீங்களே அவர்களை அழைத்துச் செல்லுங்கள். சில நிமிஷச் சோதனை, உங்கள் பிள்ளைகளுக்குத் தாயைக் காத்துத் தரும்.